கானல்வாடியின் வம்புக்காரி

எங்கள் அடுக்ககத்தில் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும். போவன்பள்ளியில் அது புகார் இல்லை, வாழ்க்கைமுறை. அப்படித் தண்ணீர் வராத ஒரு நாளில்தான் எதிர்வீட்டு சுபாஸ்ரீ காலி வாளியோடு என் வாசலில் நின்று, "ஆன்ட்டி, கிணறே இல்லாத ஊர்ல ஜனங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். "நம்மள மாதிரிதான், பக்கத்து வீட்டைப் பார்த்துக்கிட்டு" என்றேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

ரஞ்சனா, நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி. சுபாஸ்ரீ இறந்து மூன்று மாதம் ஆகிறது, அவள் பெயரில் கானல்வாடியின் பக்கங்களை இன்னும் எழுதுவது யார் என்று. அவள் மெயில் முகவரிக்கே கடிதம் போட்டு, 'இதைப் படிப்பது யாராக இருந்தாலும்' என்று ஆரம்பித்திருந்தாய். அந்த யாராக இருந்தாலும் நான்தான். என் பெயர் அன்னக்கிளி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அவள் பெயரை டாக்குமென்ட்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்தேன். உனக்கு என் மகன் வயதுகூட இருக்காது, நீ என்றே எழுதுகிறேன்.

அப்பா அரக்கோணத்திலிருந்து தெலுங்கு பேசும் இந்த ஊருக்கு, லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வந்தவர். நான் மெட்டுகூடா குவார்ட்டர்ஸில் பிறந்தேன். கணவர் போய் ஒன்பது வருஷம். மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பான், எட்டாவது நிமிஷத்தில் கடிகாரத்தைப் பார்ப்பான். மிச்ச நேரத்துக்கு எனக்கு இந்த அடுக்ககம் இருக்கிறது. யார் வீட்டுக்கு என்ன பார்சல் வந்தது, எந்த மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று, மூன்றாம் மாடிக்காரர் ஏன் தலைக்குச் சாயம் போட ஆரம்பித்திருக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் இதை வம்பு என்பார்கள். நான் அக்கறை என்பேன்.

கானல்வாடி உங்கள் குழு ஒரே டாக்குமென்ட்டில் சேர்ந்து எழுதிக் கட்டிய கற்பனை ஊர், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவள் எனக்குச் சொன்ன விதத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சுற்றிலும் ஒன்பது நாள் நடைக்கு மணல். நடுவில் கோயில். கோயிலில் சாமி இல்லை, ஈரம் காயாத ஒரு சுவர் மட்டும். யாத்திரைக்கு வருகிறவர்கள் அந்தச் சுவரில் கை வைத்துவிட்டுப் போகவேண்டும். ஊரில் கிணறு கிடையாது. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பானை தண்ணீரைத் தலையில் சுமந்து வந்து வாசலில் இருக்கும் பொதுத் தொட்டியில் ஊற்றவேண்டும். தான் கொண்டுவந்ததைத் தானே குடிக்கக்கூடாது, முன்பின் தெரியாதவன் கொண்டுவந்ததைத்தான் குடிக்கவேண்டும். இங்கே ஆடியில் அம்மனுக்கு எடுக்கும் போனாலு ஊர்வலத்தில் பானை சுமந்து போகிற பெண்களைப் பார்த்தபோது வந்த யோசனை என்றாள்.

நான் சில சந்தேகங்கள் கேட்டேன். அந்தக் கோயில் வாசலில் செருப்பு காணாமல் போகுமா? வழியில் பாதிப் பானையைக் குடித்துவிட்டு வாசலில் வந்து பானை ஓட்டை என்று சொல்கிறவர்கள் உண்டா? சுவரைத் துடைக்கிறவள் யார், அவளுக்கும் பூக்காரிக்கும் பேச்சுவார்த்தை உண்டா? சுபாஸ்ரீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஹவ் ஆன்ட்டி, ஆமா, இதெல்லாம் நாங்க யோசிக்கவே இல்ல. எங்க ஊர்ல ராஜா இருக்கான், சாபம் இருக்கு, வம்பு இல்ல. வம்பு இல்லன்னா அது என்ன ஊரு? நீங்க சொல்லுங்க."

அவளுடைய பழைய டேப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். எனக்கு மெயில் முகவரி கிடையாது. அதனால் அவள் பெயரிலேயே திறந்து வைத்தாள். நான் பேசியதெல்லாம் சுபாஸ்ரீ எழுதியதாகத்தான் போய் விழும். "பரவால்ல ஆன்ட்டி, தப்பெல்லாம் நான் திருத்திக்கறேன்" என்றாள். வாசல் காவலாளி ஒவ்வொரு பானையிலும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்து அது எந்த வீட்டுச் சண்டையிலிருந்து வந்த தண்ணீர் என்று சொல்வானே, அவன் என்னுடைய ஆள். வருஷம் ஒருமுறையாக ஐந்து முறை நடந்து வந்தும் வாசல்வரை வந்து பானையோடு திரும்பிப் போகிற பெண், அவளும் நான் கொடுத்தவள்தான்.

சுபாஸ்ரீயின் அம்மா வேதவல்லிக்கு இதெல்லாம் பிடிக்காது, அதாவது பிடிக்காது என்று சொல்லிக்கொள்வாள். கும்பகோணத்துப் பக்கம். புருஷன் இல்லை. காஞ்சன்பாக்கில் ஆபீஸ் வேலை, ஏழு மணிக்கு பஸ். "பாலைவனத்துல ஊர் கட்டறாளாம் அக்கா. இங்க துணி மடிச்சு வைக்க ஆளில்லை" என்பாள். படிப்பதற்கு மட்டும் ஒரு லிங்க்கை மகள் அவள் ஃபோனில் போட்டுக் கொடுத்திருந்தாள். திறந்தே பார்த்ததில்லை என்பாள்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் மார்க்கெட் மதில் ஓரமாக சுபாஸ்ரீ ஒரு பையனின் பைக்கிலிருந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள், சிரித்தாள், நடந்தாள். நான் பார்த்தது இவ்வளவுதான். வேதவல்லியிடம் சொன்னபோது 'ரெண்டு மாசமா' என்று இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்லவேண்டும் என்று இல்லை. வெறும் சாதத்தை மட்டும் இலையில் போட்டுவிட்டு நகர எனக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

பையன் பெயர் தீபக். பட்டான்செருவில் அவள் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியிலேயே அவனும். அன்றைக்கு ஷேர் ஆட்டோ கிடைக்காமல் நின்றிருந்தவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். அடுத்த மாதம் அவனுக்கு மாமன் மகளோடு கல்யாணம் நடந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நான் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தேன்.

"யாரு சொன்னாங்கன்னு சொல்லும்மா."

"யார் சொன்னா என்ன? பொய்யா சொல்லுவா?"

"அப்ப நான் சொல்றதுதான் பொய். ஹவ்?"

"ரெண்டு மாசமா என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு..."

"ரெண்டு மாசமா? கைக்கும்மா, ஏம்மா இப்டி பேசற?"

ஒரு மணி நேரத்தில் பையோடு இறங்கினாள், பட்டான்செருவிலேயே லேடீஸ் ஹாஸ்டலுக்கு. என் கையைத் தொட்டு, "ஆன்ட்டி, அம்மாவப் பாத்துக்கோங்க" என்றாள். வேதவல்லிக்கு ஒரு நல்ல குணம். சொன்னது யார் என்று கடைசிவரை மகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து கத்தியிருப்பாள், அரை மணியில் எல்லாம் சரியாகியிருக்கும். நல்ல குணங்களால் வரும் கஷ்டத்தை யாரும் பேசுவதில்லை.

அன்றைக்கே வேதவல்லி ஃபோனை என்னிடம் நீட்டினாள். "அவ நம்பர் வராம பண்ணிடு அக்கா. கூப்பிட்டு அழுவா, நான் கரைஞ்சு போயிடுவேன்." பண்ணிக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துக் காலை ஆறு மணிக்கு டபராவில் காப்பியோடு வந்து நின்றாள். எதையோ பேசிவிட்டு, போகிறபோது தலையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "அந்த ஊர் எழுதறதை அவ நிறுத்திட்டாளா அக்கா? நாலு நாளா ஒண்ணும் காணோம்."

அப்போதுதான் தெரிந்தது, தினம் படித்திருக்கிறாள். அந்த முகத்தை நீ பார்க்கவில்லை, ரஞ்சனா. அன்று மத்தியானம் டேப்பை எடுத்து ஒரு பக்கம் பேசினேன். தொட்டிக்கரையில் இரண்டு பெண்கள் சண்டை போடுவதாக. ஒரே ஒரு பக்கம், ஒரு தாயின் நிம்மதிக்கு.

மறுநாள் இரண்டு டபராவோடு வந்தாள். "எழுதிட்டா அக்கா! நேத்து மூணு மணிக்கு எழுதினதுன்னு மேல போட்டிருக்கு. நன்னாத்தான் இருக்கா." என் சோபாவில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். இடையில் நிறுத்தி, "எம்பொண்ணுக்கு இவ்வளவு வம்பு எங்கேர்ந்து வந்துது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

என் பேச்சுக்கு எழுந்து போனவர்கள் உண்டு. கதவைச் சாத்தியவர்கள் உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருத்தி என் வார்த்தையை நிறுத்தி நிதானமாக எனக்கே படித்துக் காட்டினாள். நான் மறுநாளும் எழுதினேன். அதற்கடுத்த நாளும் எழுதினேன்.

ஆகஸ்ட் முழுக்க அப்படியே போயிற்று. சுபாஸ்ரீ உங்கள் குழுவில் யாரோடும் பேசாமல் இருந்ததும் அந்த நாட்களில்தான் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. எனக்கு அது வசதியாக இருந்தது. வேதவல்லி இரண்டு தடவை ஃபோனை எடுத்து மகள் பெயர்வரை போய்க் கீழே வைத்தாள். "எழுத நேரமிருக்கு, அம்மாவைக் கூப்பிட நேரமில்லை. நன்னா இருக்கா, சிரிச்சுண்டு இருக்கா. நான் போய் ஏன் கெடுக்கணும்? வேணும்னா அவளே கூப்பிடட்டும்." நான் சொன்னேன், "விடு வேதா, சின்னப் பொண்ணு. தானா வரும்."

செப்டம்பர் முதல் வாரம் சுபாஸ்ரீ என்னைக் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"மூணு நாளா ஜுரம் ஆன்ட்டி. அம்மா ஃபோனே எடுக்கல. எத்தன வாட்டி பண்ணேன் தெரியுமா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்றேன்மா. கஞ்சி குடி." பிறகு, சும்மா கேட்பதுபோல, "கானல்வாடி எழுதறியா?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி. தொறந்தாலே அழுக வருது. அம்மா ஒளிஞ்சு படிக்கறாங்கன்னு தெரியும், அவங்க படிக்கறதுக்குத்தான் தினம் எழுதிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருப்பாங்க, பாவம்."

நான் வேதவல்லியிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை, யோசித்துத்தான் சொல்லவில்லை. அந்தப் பெண் வீட்டுக்குள் வந்தால் ஒரு மணி நேரம் ஆகாது. தாய், 'நீ எழுதினதெல்லாம் படிச்சேன்டி' என்பாள். மகள், 'நான் எழுதவே இல்லையே' என்பாள். இரண்டு பேரும் திரும்பி என் கதவைப் பார்ப்பார்கள். என் பக்கங்களை நல்லபடியாக முடிக்க எனக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது.

ஜுரம் வந்த ஐந்தாம் நாள் மறுபடி கூப்பிட்டாள். "ஜுரம் விட்டுடுச்சு ஆன்ட்டி. ஆனா வயிறு வலிக்குது, எழுந்து நிக்க முடியல. எனக்கு இந்த ஹாஸ்டல் நக்கோ ஆன்ட்டி, வேணாம். அம்மாவ வரச் சொல்லுங்க, ப்ளீஸ்."

"ஜுரம் விட்டுதுன்னா சரியாயிடும்மா. அம்மாக்கு இன்னும் கோபம் ஆறல. உன் நம்பர் பார்த்தா வேணும்னே எடுக்க மாட்டேங்கறா. ரெண்டு நாள் பொறு."

வேறொருவர் ஃபோனிலிருந்து கூப்பிட அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று நீ கேட்கலாம். தோன்றியிருக்கும். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று கேட்ட பிறகு யாருக்குத்தான் கை போகும்? அன்று காலை வேதவல்லி மகளுக்குப் பிடிக்கும் என்று சேனை வறுவல் செய்து, சாப்பிட ஆளில்லாமல் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். கோபம் போய் ஒரு மாதமாகியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டெங்குவைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. என் அண்ணன் மகன் கோபி மெட்டுகூடாவில் நான்கு வருஷம் முன்னால் அப்படித்தான் போனான். ஜுரம் ஏறும்போது அல்ல, விடும்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும், வயிறு வலித்தால் ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது என்று டாக்டர் எங்களிடம் சொன்னார், காலம் கடந்து. எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் மழைக்காலம் வந்தால் அதை முதலில் போடுகிறவள் நான்தான். இந்த வருஷமும் போட்டேன்.

அன்று மத்தியானம் நான் எழுதிய பக்கம் உனக்கு நினைவிருக்கும். ஐந்து முறை திரும்பிப் போனவள் ஆறாம் முறை பானையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, யாரோ கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கிறாள். நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல பக்கம். அதை வேதவல்லி படிக்கக் கேட்கவேண்டும் என்று இருந்தது. மறுநாள் காலை படித்தாள். அழுதாள். "அவ வந்துடுவா அக்கா. இது எனக்காக எழுதினது" என்றாள். அவள் படித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் பட்டான்செருவில் ஹாஸ்டல் வார்டன் நினைவில்லாத ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அன்றைய பக்கத்தையும் நான் வழக்கம்போல மூன்று மணிக்கு எழுதி முடித்தேன்.

வார்டன் எப்படியோ வேதவல்லியின் நம்பரைத் தேடிக் கூப்பிட்டபோது மறுநாள் காலை. நானும் கூடப் போனேன். டாக்டர் வந்து, நேற்றுக் காலையிலிருந்தே நினைவில்லை என்றார். வேதவல்லி ஃபோனை அவரிடம் நீட்டினாள். "இல்லை டாக்டர், நேத்து மத்தியானம் மூணு மணிக்கு எழுதியிருக்காளே. பாருங்கோ." அவர் அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்க முயற்சி செய்கிறேன்.

வராந்தாவில் அவளை உட்காரவைத்து நான் விளக்கினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள், தேதி போட்டு வைத்தால் தினம் ஒரு பக்கமாகத் தானாகத் திறந்துகொள்ளும் என்று. அப்படி ஒரு வசதி அதில் கிடையாது என்று உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கும் தெரியும். வேதவல்லி தலையை ஆட்டினாள். மறுநாள் மத்தியானம் சுபாஸ்ரீ கண்ணைத் திறக்காமலே போய்விட்டாள்.

உறவினர்களுக்குச் சொல்ல வேதவல்லியின் ஃபோனை நான் வாங்கிக்கொண்டேன். சொல்வதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. மகள் ஹாஸ்டலுக்குப் போன பத்தாம் நாளே வேதவல்லி என்னிடம் வந்து, "அந்தத் தடையை எடுத்துடு அக்கா, அவ கூப்பிட்டாலும் கூப்பிடுவா" என்றாள். நான் ஃபோனை வாங்கி எதையோ தட்டிவிட்டு, எடுத்துவிட்டேன் என்று திருப்பிக் கொடுத்தேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எடுத்தேன். உள்ளே, தடுத்துவைத்த பட்டியலில், நாற்பத்தேழு அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியாக வந்தது, நினைவு போன அன்று விடியற்காலை ஐந்து பத்துக்கு. சான்றிதழில் டெங்கு என்று போட்டிருக்கிறார்கள். அது அவர்கள் பார்த்தது.

பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் வேதவல்லியின் அண்ணா சீனிவாசன் அவளைத் திருச்சிக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர். அங்கே அண்ணி இருக்கிறாள், பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள், வாசலில் நாலு பேர் இருக்கிறார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. ஒரு நாள் முன்னால் நான் டேப்பை எடுத்தேன். வழியில் இறந்துபோன யாத்ரீகரின் பானைக்குச் சொந்தமான வீட்டார் தங்கள் வாசலைவிட்டு ஒரு வருஷம் நகரக்கூடாது, நகர்ந்தால் கோயில் சுவர் காய்ந்துபோகும் என்று அதில் ஒரு வழக்கம் எழுதினேன். இதற்கு முன்னால் கானல்வாடியில் அப்படி ஒரு வழக்கம் இல்லையே என்று நீ எழுதியிருந்தாய். இல்லைதான்.

காலையில் அதைப் படித்துவிட்டு வேதவல்லி பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் அலமாரியில் அடுக்கினாள்.

"என்னடி வேதா இது? டிக்கெட் எடுத்தாச்சுடி."

"அவ சொல்லியிருக்காண்ணா. நான் இங்கதான் இருக்கணும்."

அவர் போகும்போது என்னைக் கும்பிட்டார். "நீங்கதான் பார்த்துக்கணும்மா." பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். நான் கொடுத்தால் சாப்பிடுவாள், கொடுக்காவிட்டால் பசி என்றுகூடச் சொல்லமாட்டாள். விடிந்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு என் சோபாவுக்கு வந்துவிடுவாள். படிக்கும் அந்தக் கால்மணி நேரம் அவள் முகத்தில் ரத்தம் ஓடும். போன வாரம் பாதியில் நிறுத்திக் கேட்டாள். "இன்னும் எத்தனை பக்கம் எழுதி வச்சுட்டுப் போயிருப்பா அக்கா?"

"நிறைய" என்றேன்.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. எழுதுவது யாராக இருந்தாலும், ஜூலைக்குப் பிறகு வந்த பக்கங்களில்தான் கானல்வாடிக்கு உயிர் வந்தது என்று. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பெயரை எடுத்துவிடாதே, ரஞ்சனா. வேதவல்லியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்பாய். சொல்லத்தான் போகிறேன், அந்த ஒரு வருஷம் முடியட்டும். இப்போது சொன்னால் என் வாசலை மிதிக்கமாட்டாள். மிதிக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு கொடுப்பது யார்? மகள் இல்லை. அண்ணா ஊருக்குப் போய்விட்டார். வேலையும் இல்லை. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?